கால்புள்ளி

“உங்களுக்குன்னு சொந்தமா ஒரு சர்வர் வேணும்மா” என்று மென்பொருள்காரப் பெண் சொன்னதும், ஏணிக் கம்பெனி முதலாளியம்மா சாப்பாட்டு டப்பாவை அழுத்தி மூடிவிட்டு நிமிர்ந்தார். “எதுக்கு? எல்லாரும் வீட்டுலேருந்துதானே கட்டிக்கிட்டு வர்றோம். பரிமாற ஒரு ஆள் வெச்சா, அப்புறம் அவருக்கு யார் பரிமாறுறது?”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. இதுவரை பதினோரு கம்பெனிகளில் அவள் சர்வர் அமைத்திருக்கிறாள். ஒன்பது இடத்தில் இதே வேடிக்கையைச் சொன்னார்கள். மீதி இரண்டு இடத்தில் வேடிக்கையாகச் சொல்லவில்லை. “இது மெயில் கொண்டுபோற சர்வர்மா. இப்ப உங்க மெயிலெல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனியோட பொது சர்வர்ல போகுது. ஊரான் வண்டியில நம்ம சரக்கு போற மாதிரி. வாங்குறவங்க சந்தேகப்பட்டு குப்பையில தள்ளிடுறாங்க.”

குப்பை என்ற சொல் முதலாளியம்மாவைச் சுட்டது. “அப்ப வெச்சிடு” என்றார்.

மூலை மேசையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தவரைப் புள்ளி என்று கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் தங்கிவிட்டது. விலைப்புள்ளி எழுதுவது அவர் வேலை. எத்தனை படி, என்ன உயரம், மரமா அலுமினியமா, மடக்குவதா சாத்துவதா என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கெல்லாம் இருபத்திரண்டு வருஷமாகப் பதில் எழுதி வந்தார். முதலில் பேனாவில், பிறகு தட்டச்சில், இப்போது இந்த மென்பொருளில். கம்பெனியின் கையிருப்பு, ஆர்டர், வாடிக்கையாளர், யார் என்றைக்கு லீவு என்ற சகல சமாச்சாரமும் அந்த ஒரே மென்பொருளுக்குள் இருந்தது. அவர் படி இறங்கி வந்தால் பட்டறையில் யாராவது ஒருவர், “வழி விடுங்கப்பா, பெரும்புள்ளி வருது” என்பார். அவரும் பெரும்புள்ளி மாதிரியே தலையாட்டிவிட்டுப் போவார்.

அலுவலகம் பட்டறைக்கு மேலே, மரப்பலகை அடித்த ஒரு மாடத்தில் இருந்தது. கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தால் கூரையிலிருந்து தொங்கும் ஏணிகள் தெரியும். தரையையும் தொடாமல் கூரையையும் தொடாமல், நடுவானத்திலிருந்து நடுவானத்துக்குப் போகிறவர்களுக்காகச் செய்து வைத்தது போலிருக்கும். அலுமினிய ஏணியின் படிகள் குழாய்கள் என்பதால் மத்தியானக் காற்று அடிக்கும்போது பட்டறை முழுவதும் ஊதும். பழகியவர்கள் எட்டுப்படி ஏணியையும் பன்னிரண்டுபடி ஏணியையும் சத்தத்திலேயே பிரித்துச் சொல்வார்கள். காற்று வருவதற்கு முன்பே ஊத ஆரம்பிக்கிற ஏணி ஒன்றும் இருந்தது. அதை மட்டும் யாரும் வாங்கவில்லை.

புள்ளிக்கு மனிதர்களைப் பற்றி ஒரு தீர்மானமான கருத்து இருந்தது. நான்கு வருஷ அனுபவத்தில் பழுத்த கருத்து. அவர் விலைப்புள்ளி அனுப்புவார். பதில் வராது. இரண்டு நாள் பொறுத்து, போன் செய்து, “பாத்தீங்களா சார்?” என்பார். “வரலையே” என்பார்கள். வியாபாரி, டாக்டர், பள்ளிக்கூட முதல்வர், விளம்பரப் பலகை எழுதுகிறவர், எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். சோம்பேறித்தனத்துக்கு உலகம் கண்டுபிடித்த மரியாதையான பெயர் அது என்று புள்ளி முடிவு கட்டியிருந்தார். சண்டைக்குப் போகமாட்டார். “சரி, எழுதிக்குங்க” என்று ஒவ்வொரு படியாகப் போனிலேயே சொல்லுவார். அவர் குரல் நன்றாக இருந்தது. வியாபாரம் நடந்தது.

மென்பொருள்காரப் பெண் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையைப் பார்த்தாள். பட்டியலை மேலும் கீழும் நகர்த்தினாள்.

“சார், உங்க மெயில் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல சின்னதா செவப்பு கவர் இருக்கே, அது என்னன்னு நெனச்சீங்க?”

“அவசரத் தபால்” என்றார் புள்ளி. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. “மத்தவங்களுக்கெல்லாம் வெள்ளை கவர்தான். எனக்கு மட்டும் ஆரம்பத்துலேருந்தே செவப்பு. விலைப்புள்ளி இல்லையா.”

“அது போகலைன்னு அர்த்தம் சார்.”

“எது போகலை?”

“எதுவுமே.”

அவள் அமைப்புகளுக்குள் போய்த் தேடி எடுத்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் முதலாளியம்மாவின் கொழுந்தனார் இந்த மென்பொருளைக் கொண்டுவந்த புதிதில், சோதனைக்காக விலைப்புள்ளி முகவரிக்கு மட்டும் தனியாக ஒரு சர்வர் குறித்து வைத்துவிட்டு, அடுத்த வாரம் வெளிநாடு போய்விட்டார். அந்த சர்வரின் முகவரியில் முற்றுப்புள்ளி விழவேண்டிய இடத்தில் கால்புள்ளி விழுந்திருந்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டைதான். சுண்டுவிரல் கனம் பிசகியிருக்கிறது.

“வால் முளைச்ச புள்ளி” என்றார் புள்ளி, மூக்குக்கண்ணாடியைத் திரைக்கு ஒட்ட வைத்து.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு மெயில் நிக்குது சார்.”

புள்ளிக்குக் கண்ணெதிரே ஒரு காட்சி வந்தது, தூக்கத்தில் வருவது போல, அவசரமில்லாமல். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சர்வர். தோள் வரை, தாடை வரை, அதற்கும் மேலே கூரை வரை அடுக்கிய தட்டுகளோடு சமையல்கட்டு வாசலில் நிற்கிறார். எந்த மேசை என்று யாரோ எழுதிக் கொடுத்த சீட்டில் ஒரு வால் அதிகம். மேசை கண்ணுக்குத் தெரியவில்லை. கீழே வைக்கவும் சொல்லவில்லை. நான்கு வருஷமாக ஒரு தட்டு ஆடாமல் நிற்கிறார். புள்ளி மனத்துக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். டாக்டர், பள்ளிக்கூட முதல்வர், பலகை எழுதுகிறவர். வரலையே என்றவர்கள் அத்தனை பேரும் உத்தமர்கள்.

அப்புறம்தான் அது உறைத்தது. வரலையே என்றுகூடச் சொல்லாத ஆள் ஒருத்தி இருந்தாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், மென்பொருள் வந்த புதிதில், புள்ளியின் அக்காவுக்குப் பரணிலிருந்து சாமான் எடுக்க ஏணி தேவைப்பட்டது. எட்டுப்படி ஏணி ஒன்றைப் புள்ளியே தோளில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அத்தான் ஏறினார். ஆறாவது படி கழன்றது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா, “பாத்துதானேடா குடுத்த?” என்று கேட்டாள். தொழில்காரன் வாய் முந்திக்கொண்டது. “ஏணியில தப்பில்லக்கா. ஏறினவர்லதான்.” அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் அக்கா ஒரு சொல் பேசவில்லை. மறுநாள் பட்டறை மேசையில், மரத்தூளுக்குள், படியைச் சட்டத்தோடு இறுக்குகிற ரிவிட் ஆணி ஒன்று தனியாகக் கிடந்தது. ‘பரிசோதிக்கப்பட்டது’ என்ற ஸ்டிக்கரை அந்த ஏணியில் ஒட்டியது புள்ளிதான். வீட்டுக்குப் போகிற ஏணிதானே என்று சோதித்துப் பார்க்காமலே ஒட்டினார்.

நேரில் போக முகமில்லை. போனில் சொன்னால் அக்கா நம்பமாட்டாள். அவள் அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவள். காதால் கேட்பதெல்லாம் அவளுக்குக் காற்று, எழுத்தில் இருந்தால்தான் விஷயம். மெயில் என்றால் புள்ளிக்குத் தெரிந்த ஒரே வழி விலைப்புள்ளிப் படிவம். அதில் எழுதினார். ஒரு பொருளாவது குறிப்பிடாமல் படிவம் நகராது என்று மென்பொருள் முரண்டு பிடித்ததால், ‘மன்னிப்பு’ என்று புதிதாக ஒரு பொருளைப் பதிவு செய்து, எண்ணிக்கை ஒன்று, விலை பூஜ்யம் என்று போட்டார். பிறகொரு நாள் முதலாளியம்மா பொருள் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இது என்ன புள்ளி, புது மாடலா? எத்தனை படி?” என்று கேட்டதும், “ஒரே படிதாம்மா. எறங்குறதுக்கு மட்டும்” என்று இவர் சொன்னதும், “விக்குதா?” என்று அவர் கேட்டதும் தனிக் கதை.

அந்தக் கடிதத்துக்கும் சிவப்பு உறை விழுந்தது. அவசரமாகப் போகிறது என்று நிம்மதியாக இருந்தார். முப்பது நாள் பார்த்தார். பதில் இல்லை. அக்கா மனது கல்லாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அச்சகம் இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். நான்கு வருஷத்தில் அந்தச் சுற்றை மட்டும் நீட்டிப் போட்டிருந்தால் கடல் வந்திருக்கும்.

“எல்லாத்தையும் அழிச்சிடும்மா” என்றார் முதலாளியம்மா, விஷயம் தெரிந்ததும். “இப்ப போய்ச் சேந்து, எவனாவது அன்னைக்கு விலைக்கு இன்னைக்கு ஏணி கேட்டா நானா குடுப்பேன்?”

மென்பொருள்காரப் பெண் மொத்தத்தையும் தேர்வு செய்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு கட்டங்களிலும் டிக் விழுந்தது. அவள் விரல் பொத்தானுக்குப் போனது.

“ஒண்ண மட்டும் விட்டுடும்மா” என்றார் புள்ளி.

“எது சார்?”

அவர் காட்டினார். ‘விலைப்புள்ளி: அக்கா’ என்று தலைப்பு. அவள் அதைப் படித்தாள், முதலாளியம்மா இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“எந்த கஸ்டமர் சார் இது?”

“பழைய கஸ்டமர். எனக்கு முன்னாடியே பொறந்தவங்க.”

அவள் ஒரு டிக்கை எடுத்தாள். மற்ற ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தும் ஒரே தட்டில் போய்விட்டன. புள்ளி கண்ணுக்கு அந்த சர்வர் தட்டுகளைச் சத்தமில்லாமல் இறக்கி வைப்பதும், புஜத்தைத் தேய்த்துக்கொள்வதும், மீதி ஒரு தட்டைச் சாய்ந்துவிடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொள்வதும் தெரிந்தது.

“இப்ப அனுப்பினா நாலு வருஷம் யோசிச்சு எழுதுனேன்னு அக்கா நெனைக்குமே” என்றார்.

“மேல இன்னைக்குத் தேதி விழும் சார். ஆனா இது விலைப்புள்ளி படிவம்ல, உள்ள அன்னைக்குத் தேதியும் நம்பரும் அப்படியே இருக்கு. அத யாரும் மாத்த முடியாது.” கொஞ்சம் தயங்கினாள். “ஒரே ஒரு சிக்கல். அடியில ‘இந்த விலைப்புள்ளி முப்பது நாட்களுக்கு மட்டுமே செல்லும்’னு தானா வந்து ஒட்டிக்கிட்டிருக்கு. அத எடுக்கணும்னா திருத்தணும். திருத்தினா தேதி மாறிடும்.”

புள்ளி சட்டைப்பைக்குள் கைவிட்டு எதையோ உருட்டினார். தேதி இருந்தால் காலாவதி வரியும் இருக்கும். காலாவதியைக் கழற்றினால் எழுதிய நாளும் கழன்றுவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட விலைப்புள்ளி வேறில்லை. கீழே காற்று வந்தது. எட்டுப்படிகள் முதலில் ஊதின.

“இருக்கிறபடியே போகட்டும்.”

அவள் கால்புள்ளியை அழித்துப் புள்ளி வைத்தாள். சிவப்பு உறை சாம்பல் நிறமானது. “வரிசையில நிக்குது. மணிக்கு ஒரு தடவைதான் வரிசை நகரும். நாலு மணிக்குப் போயிடும் சார்.”

மணி மூன்று பத்து. புள்ளி தொப்பியை எடுத்துக்கொண்டார். “எங்க புள்ளி, இந்த நேரத்துல?” என்றார் முதலாளியம்மா. “டெலிவரிம்மா” என்றார் இவர். பட்டறையைத் தாண்டும்போது யாரும் பெரும்புள்ளி என்று கூப்பிடவில்லை. அவர் முகம் அப்படியிருந்தது.

அன்றைக்குச் சுற்றாமல் நேர்வழியில் போனார். நேர்வழி இவ்வளவு குறுகியது என்பதே மறந்திருந்தது. வெயில் சாய ஆரம்பித்து, தெரு முழுவதும் தேநீர் நிறத்தில் கிடந்தது. வழியில் இரண்டு இடத்தில் கம்பெனி ஏணிகளைப் பார்த்தார். ஒன்றில் ஒருவர் நின்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் யாரும் இல்லை, ஆனால் இப்போதுதான் யாரோ ஏறி மேலேயே தங்கிவிட்டது போலிருந்தது. வெள்ளைச் சட்டை சர்வர் ஒரே தட்டோடு பக்கத்தில் நடந்து வருவதாகத் தோன்றியது. புள்ளி நின்றால் அவரும் நின்றார். நடந்தால் அவரும் நடந்தார். அச்சகத்தைத் தாண்டி மூன்றாவது வீடு அக்காவுடையது. கேட் வரை வந்ததும் பக்கத்தில் யாரும் இல்லை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அக்கா மேசையில் உட்கார்ந்து தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலை வெளுத்திருந்தது. உள்ளே எங்கேயோ அத்தானின் கைத்தடி தரையைத் தட்டிக்கொண்டே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போனது. புள்ளி கேட்டைத் தொடவில்லை. நாலு மணிக்கு மேசைமேல் போன் ஒரு சத்தம் போட்டது. அக்கா கையிலிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் எடுத்தாள். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தாள். வழக்கப்படி உதடு அசைய, பேனா கையில் இருக்க, மேலிருந்து கீழே வாசித்தாள். மறுபடி மேலே போனாள். இரண்டாவது தடவை ஒரு இடத்தில் பேனா போனின் மேல் ஓர் அங்குல உயரத்தில் நின்று, எதுவும் போடாமல் நகர்ந்தது. அதற்குப் பிறகு ரொம்ப நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தபோது கேட்டில் தம்பி நின்றதைப் பார்த்தாள். எழுந்து வாசல்வரை வந்தாள். போன் ஒரு கையிலும் பேனா இன்னொரு கையிலும் இருந்தன.

“நம்பர், தேதி எல்லாம் சரியா இருக்கு” என்றாள்.

“ஆமாக்கா.”

“அடியில முப்பது நாள்தான் செல்லும்னு போட்டிருக்கு.” குரலில் கோபமும் இல்லை, அது இல்லாததும் இல்லை. தாளின் ஓரத்தில் வட்டம் போட்டுக் கேள்விக்குறி வைக்கும்போது கேட்கிற மாதிரி கேட்டாள். “அது பிழையா?”

புள்ளி வாயைத் திறந்தார். சட்டைப்பையில் அந்த ரிவிட் ஆணி உள்ளங்கைச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. பக்கச் சுவரில் அந்த ஏணி சாத்தியபடியே நின்றது. ஸ்டிக்கர் வெளுத்துப் பாதி உரிந்திருந்தது. யாரும் நட்டு வைக்காத கொடி ஒன்று முதல் படியில் தொடங்கிப் படிப்படியாக ஏறி வந்திருந்தது. ஆறாவது படி இல்லாத இடத்தில் அது நிற்கவில்லை. வெறும் காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றித் தன்னையே பிடித்துக்கொண்டு, ஏழாவது படியை நோக்கி ஒரு சின்னப் பச்சை நுனியை நீட்டித் துழாவிக்கொண்டிருந்தது.