மணல் குழியில் நெத்திலி

ஒரு மனிதனின் குணத்தை அவன் நிற்கிற மண்தான் எழுதுகிறது, கடலோர மண் அவனைப் பணிய வைக்கும், சோலை மண் அவனுக்குச் செருக்கைக் கொடுக்கும், பாலை மண் அவனைத் துணியச் சொல்லும்... இந்த மகா தத்துவத்தை வரதன் மீஞ்சூர் தாண்டி மின்சார ரயிலில் நின்றுகொண்டே, பக்கத்து ஆளின் டிபன் கேரியர் விலாவில் இடிக்க இடிக்க, கைபேசியில் பார்த்த கோல்ஃப் வீடியோவிலிருந்துதான் எடுத்திருந்தான். இன்றைக்கு அதைச் சொல்ல ஒரு இடம் வேண்டும். கும்மிடிப்பூண்டி ஃபேக்டரிக்கு அடுத்த ப்ளான்ட் ஹெட் வரதனா, விற்பனைப் பிரிவு ஃபயாஸா என்று எம்.டி. தாவீது சார் ஆட்டம் முடிந்ததும் சொல்லப்போகிறார், அதற்காகவே இரண்டு பேரையும் பழவேற்காட்டுப் பக்கம் உவர்நிலத்தில் முதலாளிகள் சிலர் சேர்ந்து போட்ட இந்த மைதானத்துக்கு அழைத்து வந்திருக்கிறார். நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டாமா, வாய் உலர வேண்டாமா, ஒன்றும் இல்லை, வேறு யாருடைய சட்டைக்குள்ளோ நிற்கிற மாதிரி இருந்தது. காலையில் திருநின்றவூர் வீட்டு வாசலில் குணசுந்தரிகூடக் கேட்டாள், "இன்னாங்க இது, ப்ளான்ட் ஹெட் ஆவப்போற மூஞ்சா இது? பொணமாட்டம் நின்னுக்கினு... கொஞ்சம் ஆசையாவது காட்டுங்க." காட்டலாம், எதை வைத்துக் காட்டுவது?

முதல் குழியிலேயே தாவீது சார் கையுறை போட்ட அவன் கையைப் பார்த்து, "வரதன், நீங்க லெஃப்ட் ஹேண்டா?" என்று கேட்டார், இல்லை சார் என்றான், ஓஹோ என்றார், அவ்வளவுதான், பெரிய மனிதர்கள் இப்படிச் சும்மா ஏதாவது கேட்டு வைப்பார்கள். சார் ஆட்டம் பழகியது பெங்களூரில், இரண்டு பக்கமும் மரம், நடுவில் படுக்கை விரித்த மாதிரிப் புல், அங்கே பந்தை வானத்துக்கு அனுப்பினால் அது மரியாதையாக மெத்தென்று இறங்கி விழுந்த இடத்திலேயே உட்காரும். இங்கே அது நடக்காது. இங்கே மரம் என்று பார்த்தால் தூரத்தில் நாலு சவுக்கு, அதுவும் ஒரே பக்கம் சாய்ந்து, காற்று ஏரியிலிருந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டு போய்விடும், கடலோர மைதானத்தில் பந்தைத் தாழ அடித்துத் தரையில் உருட்ட வேண்டும், மேடு பள்ளம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போக வேண்டும்... சார் உயரவே அடித்தார், காற்று வாங்கிக்கொண்டது, மறுபடி உயரவே அடித்தார். இருபது வருஷம் ஆள்களை மேய்த்தவரிடம் காற்று வேறு மாதிரி என்று யார் சொல்வது?  வரதனும் தாழ அடிக்கவில்லை, அவன் மட்டை பந்துக்கு ஒரு விரல் முன்னால் மண்ணைத்தான் கிளறியது. நானும் ஒருவகையில் சோலை மைதானம்தான் என்று நினைத்தான், படிப்பு, வேலை, கல்யாணம், ஃப்ளாட், எல்லாம் இரண்டு பக்கமும் மரம் நட்ட பாதை, நேராகப் போனால் போதும், எங்கேயாவது காற்று அடித்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்குமோ... தெரியவில்லை.

கடைசிக் குழியில்தான் அது. சாரின் பந்து மேலே போய், யோசித்து, வலப்பக்கம் திரும்பி, ஆட்டத்தில் தடையாக வெட்டி வைத்த மணல் குழிக்குள் விழுந்தது, போய்ப் பார்த்தால் குழி முழுக்க நெத்திலி காய்கிறது, வலை விரித்து அதன்மேல் பரப்பி, நடுவில் பந்து வெள்ளையாக, முட்டை மாதிரி. ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு கருவாட்டுக்காரி பச்சையம்மா. மைதானம் வருவதற்கு முன்பிருந்தே அவள் ஊரார் கருவாடு காயப்போடுகிற இடம் இது, முதலாளிகள் சலித்த மணல் கொண்டுவந்து கொட்டியது அவளுக்கு இன்னும் வசதியாகிவிட்டது, காவலாளிக்கும் ஒரு பங்கு போகிறது. இதை எடும்மா என்றார் சார். "எடுத்துட்டு எங்க போட்றது, உன் தல மேலயா? மேகம் வர்றதுக்குள்ள காஞ்சாவணும் நைனா. பந்து சின்னதுதான, அத்த நீ எட்து அப்பால வச்சுக்க." சார் வரதனைப் பார்த்தார். ரூல் என்ன வரதன், உங்களுக்குத்தான் தெரியுமே. வந்துவிட்டது அந்த இடம், ரயிலில் நின்றதெல்லாம் இதற்காகத்தானே, தொண்டையைச் செருமினான், மண், குணம், பணிவு, பாலை, எல்லாம் வரிசையாக வந்தன, தன் குரலைத் தானே ரயில்வே அறிவிப்பு மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தான். "கடலோர மைதானத்தோட ஆன்மாவே, பந்து கிடக்கிற இடத்துலயே, கிடக்கிறபடியே அடிக்கிறதுதான் சார்."

சார் அடித்தார். பந்து அரை அடி நகர்ந்தது. நெத்திலி எழுந்தது, சாரின் வெள்ளை டீஷர்ட், தொப்பி, மீசை, வரதனின் சட்டைப் பைக்குள்கூட. "அடப்பாவி, ஒரு கூடை கருவாட கொத்தி எறிஞ்சுட்டியே! ஊட்ல மம்புட்டி இல்லியா, இங்க வந்து கொத்தற?" என்றாள் பச்சையம்மா. யாரும் சிரிக்கவில்லை என்பதால் அவளே சிரித்தாள். ஃபயாஸ்தான் குழிக்குள் இறங்கினான், பழவேற்காட்டுக்காரன், "யக்கா, கோச்சுக்காத, நான் சிராஜ் கடை புள்ள. கொட்டுனதெல்லாம் நாங்க காசு குட்த்து எட்துக்கறோம், இந்த மூலைய மட்டும் சுருட்டு யக்கா, பெரியவரு அட்ச்சுட்டுப் போயிருவாரு." "சிராஜ் பாய் புள்ளயா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" வலை சுருண்டது, பந்து வெளியே வந்தது, அவ்வளவுதான், அதற்கு எந்த மண்ணின் தத்துவமும் தேவைப்படவில்லை.

திரும்பி நடக்கும்போதே சார் ஃபயாஸின் தோளில் கை போட்டு, அடுத்த வாரமே சார்ஜ் எடுத்துக்கங்க என்றார். வரதனுக்குக் கேட்டது. இப்போது வரும், இப்போது வலிக்கும் என்று காத்துக்கொண்டே குழாயடிக்குப் போனான், குணசுந்தரியிடம் என்ன சொல்வது, அவள் முகம்... அதுவும் எங்கேயோ தூரத்தில், சவுக்கு மாதிரி. பக்கத்தில் சாரும் ஃபயாஸும் கை கழுவ ஒற்றைக் கையுறையைக் கழற்றினார்கள், அவனும் கழற்றினான், பார்த்தான், காது மட்டும் சுட்டது, காலையிலிருந்து உடம்பில் சூடு என்று வந்தது அதுதான். வலது கையால் ஆடுகிறவர்கள் உறையை இடது கையில் போடுவார்கள். அவன் வலது கையில் போட்டிருந்தான்.