திங்கட்கிழமை நண்டு

மாம்புரியைத் தாண்டும்போதே கண்ணில் பட்டது: கரையில் படகுகள் ஏறிக் கிடந்தன. காலை ஐந்தரை மணிக்கு அவை கடலில் நிற்க வேண்டும்.

டென்மார்க்கிலிருந்து வந்திருந்த லீனே, வாகனத்தில் என் பக்கத்தில் இருந்தார். வலையிலிருந்து கழற்றிய நண்டு எத்தனை நிமிடத்தில் ஐஸுக்குள் போகிறது என்று தன் கண்ணால் பார்த்து அளக்க வந்தவர். அது சரிவராவிட்டால் இலங்கைக்கு இனிப் பிரதிநிதி வேண்டாம் என்று போன மாதமே அவருடைய கம்பனி எழுதியிருந்தது. அந்தப் பிரதிநிதி நான்.

முதலில் ஜப்பான்காரருக்காக வலைநூல் விற்றேன். பிறகு தாய்லாந்துக்காரருக்காக இறால் தீனி. பதினொரு வருடமாக இந்த நண்டு. ஆகப் பத்தொன்பது வருடமும் பெயர் அட்டையில் என் பெயருக்குக் கீழே வேறொரு நாட்டின் பெயர் இருந்திருக்கிறது. அது இல்லாமல் 'மர்ஷூதா' என்று மட்டும் அச்சடித்த ஒரு அட்டையை நினைத்துப் பார்க்க முயன்றேன். யாரோ ஒருத்தியின் பெயர்போல இருந்தது.

கண்டக்குழியில் யூஜினி வெறும் ரெஜிபோம் ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் கரையில் எங்களுக்காக நண்டு சேர்ப்பவள் அவள்தான்.

"எங்க யூஜினி, ஒருத்தரும் கடலுக்குப் போகல்லையா?"

"நேற்று ஞாயிறெல்லோ மிஸ். ஆர் வலை போட்டது, இண்டைக்கு எடுக்க?"

இந்த வருகைக்கு நாள் குறித்தபோது நான் வெள்ளியைத் தவிர்த்தேன், அது எங்கள் ஜும்ஆ நாள். ஞாயிறைத் தவிர்த்தேன், அது இந்தக் கரைக்காரரின் தேவாலயப் பூசை நாள். திங்களைத் தெரிவுசெய்தபோது என் கவனத்தை நானே மெச்சிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. திங்கள் விடிய எடுக்கும் வலையை ஞாயிறு பின்னேரமே போட வேண்டும் என்பது மட்டும் அலுவலக மேசையில் இருந்த எனக்குத் தோன்றவில்லை.

"சொல்லியிருக்கலாமே."

"கரை பார்க்க வாறம் எண்டுதானே மெசேஜ் போட்டிருந்தீங்கள்? கரை இருக்குத்தானே!" சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "சனிக்கிழமை நண்டு கொஞ்சம் ஐஸில கிடக்கு. அமல்ராஜிட போட்டில ஏத்தி, வலையில செருகி எடுத்துக் காட்டுவமா? வெள்ளைக்காரிக்கு என்ன விளங்கப் போகுது?"

ஒன்றும் விளங்காதுதான். 'ஓம்' என்று சொல்ல வாய் திறந்தேன். இப்படிச் சின்னச் சின்ன 'ஓம்'களால்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்பதும் அந்தக் கணத்தில் தெரிந்தது. லீனே ஒரு படகின் பக்கப் பலகையைத் தடவி, ஈரம் படாத விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். பிழை என்னுடையது என்றேன். இன்று பின்னேரம் வலை போட்டால் நாளை விடிய எடுக்கலாம் என்றேன்.

"இந்தக் கரையில் எத்தனை வருடமாக வாங்குகிறீர்கள்?"

"பதினொன்று."

அவர் கைபேசியில் பேசியபடி தண்ணீர் ஓரமாக நடந்தார். இன்றிரவு திரும்பும் விமானத்தை மாற்றுகிறாரா, என்னையா? அவருடைய மொழி எனக்குத் தெரியாது. இரண்டு முறை என் பெயர் மட்டும் கேட்டது.

"என்ன சொல்றா, மிஸ்?" யூஜினி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் தொழில்.

"தெரியாது."

"அப்ப பின்னேரம் வலை போடச் சொல்லவா, வேணாமா?"

மூன்றாவது முறை என் பெயர் கேட்டது.

"போடச் சொல்லுங்க," என்றேன்.