சகலன் வீட்டு நீச்சல் தடாகம்

இன்பாஸ் தன் வீட்டு முற்றத்தில் நீச்சல் தடாகம் கட்டிய நாளிலிருந்து பர்ஸானுக்கு அந்தத் தெருவால் போகவே பிடிக்கவில்லை. இருவரும் சகலன்மார். அக்கா சுல்பிகாவைப் பர்ஸானும், தங்கை நஜ்லாவை இன்பாஸும் கல்யாணம் முடித்திருந்தார்கள். பர்ஸான் கல்முனையில் இருபது வருடமாக மோட்டர் திருத்துகிறான். இன்பாஸ் கத்தாரிலிருந்து திரும்பி வந்து சாய்ந்தமருதில் வீட்டைப் புதுப்பித்தான், கூரையில் சோலார் தட்டுகள் போட்டான், கடைசியாகத் தடாகத்தையும் கட்டினான். பர்ஸானின் பிள்ளைகள் லீவு நாளென்றால் அங்கேதான் கிடந்தார்கள். அதுவும் அவனுக்கு எரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் இன்பாஸ் அவனைத் தேடி வந்தான். அக்காவின் கணவன் என்பதால் பர்ஸானை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"காக்கா, கரண்ட் பில் தாங்க ஏலாம இரிக்கி. அந்தத் தடாகத்து மோட்டர ஒருக்கா வந்து பாருங்களன்."

பர்ஸான் போய்ப் பார்த்தான். ஐந்து நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அந்தச் சின்னத் தடாகத்துக்கு இரண்டு குதிரைவலு மோட்டர். விடியற்காலை சுபஹிலிருந்து இரவு இஷா வரை ஓடுகிறது. வடிகட்டியில் அழுக்கு அடைத்து, அழுத்தமானியின் முள் சிவப்பில் நின்றது. கடற்காற்று தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, கிணற்று மோட்டர் வேறு நிரப்பிக்கொண்டிருந்தது. எல்லாம் திருத்தக்கூடியவை.

ஆனால் அவன் வாயில் வந்தது வேறு.

"நீச்சல் தடாகமெண்டா இப்பிடித்தான் தம்பி. கரண்ட் குடிக்கத்தான் செய்யும். ஒண்டும் செய்ய ஏலா."

இன்பாஸ் தண்ணீரைப் பார்த்தான். "அப்ப மண்ணப் போட்டு மூடிர வேண்டியதுதான்."

பர்ஸான் கையைத் துடைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போகும் வழியில் பெரிய தர்பூசணிப் பழம் ஒன்று வாங்கினான். என்ன விசேஷம் என்று சுல்பிகா கேட்டதற்கு, சூடாக இருக்கிறதே என்று மட்டும் சொன்னான்.

நாலு நாள் கழித்து அழகரெத்தினம் பர்ஸானின் கடைக்கு வந்தான். இருவரும் ஒரே ஆளிடம் தொழில் பழகியவர்கள். அவனுக்குப் பாண்டிருப்பில் மோட்டர் திருத்தும் கடை.

"உன்ர சகலன் என்னக் கூப்பிட்டிருக்கார். நாளைக்குப் போறன். நீ பார்த்திட்டு ஒண்டும் செய்ய ஏலாதெண்டு சொன்னியாம்."

"ஓம்."

அழகரெத்தினம் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உண்மையாவே உனக்கு விளங்கல்லயா பர்ஸான்?"

அந்த இரக்கம் பர்ஸானைச் சுட்டது. இதுவரை சகலனின் தடாகம்தான் கண்ணில் குத்தியது. இப்போது, தான் கண்டுபிடித்ததை இவன் செய்து பேர் வாங்கப்போகிறான் என்ற நினைப்பு அதைவிட மோசமாகக் குத்தியது.

மறுநாள் காலை எட்டு மணிக்கே இன்பாஸின் வாசலில் நின்றான்.

"அண்டைக்கு நான் சொன்னது பொய். அதெல்லாம் திருத்தலாம்."

"ஏன் காக்கா பொய் சொன்னீங்க?"

"வயித்தெரிச்சல்."

இன்பாஸின் முகம் இறுகியது. "இப்ப மட்டும் ஏன் சொல்ல வந்தீங்க?"

பர்ஸான் நிலத்தைப் பார்த்தான். "அழகரெத்தினம் செஞ்சா என்னால தாங்க ஏலா."

இன்பாஸ் கோபப்படத்தான் வாயைத் திறந்தான். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும், "செய்யுங்க. அவர வர வேணாமெண்டு சொல்றன். ஆனா இந்தப் பொய்ய மனசில வெச்சிக்கிட்டுத்தான் இரிப்பன்" என்றான்.

மூன்று நாள் வேலை. வேகத்தைக் குறைத்து ஓட்டக்கூடிய சின்ன மோட்டரைப் பூட்டினான். வேகம் பாதியானால் மின்சாரம் பாதியல்ல, அதைவிட எவ்வளவோ குறையும் என்று இன்பாஸுக்கு விளக்கினான். வெயில் ஏறி, கூரைத் தட்டுகள் நன்றாக மின்சாரம் தரும் நேரத்தில் மட்டும் ஓடும்படி நேரம் வைத்தான். வடிகட்டி மணலை மாற்றினான். குளிக்காத நேரத்தில் இழுத்து மூடத் தடித்த விரிப்பொன்றும் தைப்பித்தான். கிணற்று மோட்டருக்கு வேலை குறைந்தது.

அடுத்த மாத பில் பாதிக்கும் கீழே இறங்கியது. குடும்ப விருந்தொன்றில் இன்பாஸ் அதை எல்லாருக்கும் சொன்னான். பொய் சொன்ன கதையையும் விடாமல் சொன்னான். சுல்பிகா புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பர்ஸானுக்குத் தலை குனிந்தது.

சாப்பாடு முடிந்ததும் இன்பாஸ் அவன் தோளில் கை போட்டான். "கரண்டுக்குப் போன காசு மிஞ்சுது காக்கா. மேல்மாடி ஒண்டு எழுப்பலாமெண்டு பாக்கன்."

பர்ஸானுக்குள் அந்த எரிச்சல் மறுபடி கிளம்பியது.

"எழுப்புங்க," என்றான். "எனக்கு எரியத்தான் செய்யும். அதுக்காக இனிப் பொய் சொல்ல மாட்டன்."