எங்கே பட்டதோ, அங்கே

பாட்டில் யுவராணியின் தோளில் மோதிய சத்தம் ரெஃப்ரி ஜெனிஷாவுக்குப் பத்தடி தள்ளிக் கேட்டது. அது வெறும் தண்ணீர் பாட்டில் இல்லை. ஃப்ரீசரில் வைத்து உறையவைத்தது. கல்லுக்குச் சமம்.

வத்தல்மலைப் பெண்கள் அணியின் யுவராணி அப்போது பெனால்டி பாக்ஸுக்குள் பந்தோடு தனியாகப் பாய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உள்ளூர் அணியின் கோல்கீப்பர் சுகுணா மட்டும். இரண்டு பக்கமும் கோல் இல்லாத இறுதிப்போட்டி, முடியச் சில நிமிடங்கள்தான். அடிபட்டவள் சுருண்டு விழுந்தாள். ஜெனிஷா விசில் ஊதினாள்.

எறிந்தவர் உள்ளூர் அணியின் கோச் நவநீதன். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"என் கோலிக்குத் தண்ணி போட்டேங்க. குறுக்கால இந்தப் புள்ள வந்துடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

கயிற்றுக்கு வெளியே கூட்டம் சிரித்தது.

ஜெனிஷாவின் கோபம் முதலில் தன்மேலேயே திரும்பியது. பொம்மிடிப் பக்கத்துப் போட்டிகளில் இது வழக்கம். வெயில் தாங்காமல், ஆட்டம் நடக்கும்போதே வெளியிலிருந்து பாட்டிலை எறிவார்கள். ஓடுகிறவள் பிடித்து, ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்ப வீசுவாள். காலையில் முதல் பாட்டில் பறந்தபோதே தடுத்திருக்க வேண்டும். வந்ததும் அதிகாரம் பண்ணுகிறாள் பார் என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டாள். ஒரு பெண்ணை இவர்கள் ரெஃப்ரியாகக் கூப்பிட்ட முதல் இறுதிப்போட்டி இது.

போட்டியை நடத்தும் சந்திரமோகன் மைக்கோடு உள்ளே வந்தார். மாவட்டத்தில் எந்த மைதானத்தில் யார் விசில் ஊதுவது என்பது அவர் வாய்ச்சொல்தான்.

"டிராப் பால் போட்டுடும்மா. வெளியிலேர்ந்து வந்த பொருளு. ஒரு நாயி உள்ள ஓடியாந்தா என்ன பண்ணுவ? அதேதான்."

"கோச்சும் நாயும் ஒண்ணுங்களா சார்?"

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. நவநீதனுக்கு முகம் கறுத்தது.

ஜெனிஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவன் எறிந்திருந்தால் டிராப் பால்தான்; யாருக்கும் தண்டனையில்லை, பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடரலாம். அணியைச் சேர்ந்தவர் எறிந்து எதிரணிக்காரியின்மேல் பட்டால் நேரடி ஃப்ரீ கிக். எறிந்தவர் எங்கே நின்றார் என்று பார்க்கத் தேவையில்லை. எங்கே பட்டதோ, அங்கே. பட்ட இடம் எறிந்தவர் அணியின் பெனால்டி பாக்ஸுக்குள்.

"பெனால்டி" என்றாள். சிவப்பு அட்டையை எடுத்து நவநீதனுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

"ஏம்மா, காலையிலேர்ந்து எல்லாருந்தான் பாட்டில் போட்டாங்க. அப்ப எங்க போச்சு உன் ரூலு?" என்றார் சந்திரமோகன்.

"அப்ப விட்டது என் தப்புங்க. அதுக்காக இதையும் விட முடியாது."

"இனிமே இந்த ஜில்லாவுல எந்த கிரவுண்டுலயும் நீ விசில் ஊத மாட்ட. யோசிச்சுக்க."

"நான் தண்ணியே கேக்கல."

சொன்னது சுகுணா. எல்லோரும் கோல் பக்கம் திரும்பினார்கள்.

"நீ கம்முனு இரு புள்ள" என்றார் நவநீதன்.

"கேக்கலங்க சார். அவ என்னைத் தாண்டிடுவான்னு எறிஞ்சீங்க. நான் புடிப்பேன்னு உங்களுக்கு நம்பிக்கையே இல்ல." அவள் குரல் உடைந்தது, அழுகையால் அல்ல. "அவ அடிக்கட்டும். தள்ளுங்க."

நவநீதன் கயிற்றைத் தாண்டிப் போனார். யுவராணி எழுந்து வந்தாள். இடது கையை உடம்போடு ஒட்டிப் பிடித்திருந்தாள். உதைத்தாள். சுகுணா வலப்பக்கம் பாய்ந்தாள். விரல் நுனியில் பட்ட பந்து கம்பத்தை உரசிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போயிற்று.

ஊரே உள்ளே வந்துவிடும்போல் இருந்தது. முதலில் வந்தது நவநீதன். விசிலடித்துக்கொண்டு தன் பழைய இடத்தில் நின்றுகொண்டார்.

"பாத்தியாம்மா, சாமியே தீர்ப்பு சொல்லிடுச்சு. கார்னரப் போடச் சொல்லு. அவரு அங்கேயே நிக்கட்டும்" என்றார் சந்திரமோகன். இப்போது சிரித்த முகம்.

அந்தச் சிரிப்பில்தான் ஜெனிஷாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. கார்னருக்கு வைத்த பந்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"கோல் வுழலன்னா அவ தோள்ல அடிபடலன்னு ஆயிடுமா? அவரு வெளிய போனாத்தான் ஆட்டம்."

"நீ வூட்டுக்குப் போம்மா. வேற ஆள வெச்சு முடிச்சுக்கறோம்."

அவள் நகரவில்லை. கூட்டத்திலிருந்து யாரோ அவள் அம்மாவை இழுத்துப் பேசினான். நகரவில்லை.

சுகுணா கையுறைகளைக் கழற்றினாள். அவற்றை நவநீதனின் காலடியில் போட்டாள்.

"அப்ப நீங்களே நில்லுங்க சார்."

அவர் கையுறைகளைப் பார்த்தார். தன் அணிப் பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காறித் துப்பிவிட்டு, கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே போனார்.

அவர் கூட்டத்துக்குப் பின்னால் மறையும்வரை ஜெனிஷா காத்திருந்தாள். பந்தைக் கார்னரில் வைத்தாள். விசிலை வேண்டியதைவிடப் பலமாக ஊதினாள்.