அரிசித் தண்ணி

ஹைதரைச் சொல்லிக் குற்றமில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், நாசி கண்டார் எனும் குழம்புச் சோறு விற்கிற ஒரு கடையில் இருபது வருஷமாகச் சோறாக்குகிறவன். வாடிய முகத்தைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது; ஒரு கரண்டி குழம்பு கூடவே விழும். அந்தப் பாழாய்ப்போன இரக்கம்தான் அவன் குடியைக் கெடுத்தது.

மனைவி அமீரா நாற்பது வயதில் பல்கலைக்கழகத்தில் மண் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள். இரண்டு கண்ணாடி அறைகள், அறைக்குப் பன்னிரண்டு தொட்டிகள், எல்லாவற்றிலும் கங்கோங் கீரை. ஓர் அறையில் நாம் சுவாசிக்கிற சாதாரணக் காற்று. மற்றதில் ஐம்பது வருஷம் கழித்து வரப்போகிற காற்று, கரியமில வாயு கூடியது. அந்த அறைக் கீரை கொழுகொழுவென்று நிற்கும்.

"கீரையப் பாத்து ஏமாந்துறாதீங்க மச்சான்," என்பாள். "கொழுத்த செடி வேர் வழியா சீனியக் கசிய விடுது. மண்ணுல உள்ள நுண்ணுயிருக்கு அது ஓசிச் சாப்பாடு. தின்ன தெம்புல, மண்ணு காலங்காலமா சேத்து வச்ச கரிச்சத்தையும் தின்னு காத்துல விட்டுரும். மேல பச்ச, கீழ ஓட்டாண்டி. நா சொல்றது சரின்னு ஒருத்தர் சொன்னாப் போதும்லா எனக்கு."

இவன் தலையாட்டுவான். பாதிதான் புரியும்.

மூன்று வருஷ வேலை முடிய மூன்று மாதம் இருக்கும்போது அமீரா மௌத்தாகிவிட்டாள். மார்பில் வந்த நோய், தாமதமாகத்தான் தெரிந்தது. அவளுடைய பேராசிரியை ரமணியிடம் ஹைதர் போய் நின்றான்.

"அவ தண்ணி ஊத்துன தொட்டிங்க டாக்டர். கடைசி வரைக்கும் நா ஊத்துறேன்."

ரமணி மறுக்கவில்லை. "தொட்டிக்கு ஒரு குவளை. இந்த டிரம்முல உள்ள தண்ணி மட்டும்ணே," என்று காட்டிக் கொடுத்தார்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் ஊற்றினான். பிறகு சாதாரணக் காற்று அறையின் கீரைகள் நோஞ்சானாக நிற்பது கண்ணை உறுத்தியது. கடைசி நாட்களில் அமீராவுக்கு ஒரு வாய் கஞ்சிகூட இறங்கவில்லை. அது அவன் நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது. கடையில் அரிசி கழுவிய தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து அந்த அறைக்கு மட்டும் கூடுதலாக ஊற்றத் தொடங்கினான். வீட்டுக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவதுதானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது!

மூன்று மாதம் கழித்து ரமணி கூப்பிட்டு அனுப்பினார். அவர் முகம் சரியில்லை.

"ரெண்டு ரூம் மண்ணும் ஒரே மாதிரி காட்டுதுண்ணே. ரெண்டுலயும் பழைய கரிச்சத்து கரைஞ்சிருக்கு. சாதாக் காத்துலயும் கரைஞ்சா, காத்து மாறுனதால இல்லன்னு ஆகுது. அப்ப, அமீரா சொன்னது தப்புன்னுதான் எழுதணும்."

ஹைதர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் உழைப்பு புத்தகத்தில் ஏறும், தப்பு என்று. திறந்தால் மூன்று வருஷமும் குப்பைக்குப் போகும். தப்பாகப் பேசுகிறவளா அவள்? இல்லவே இல்லை.

"நாந்தான் டாக்டர். சாதாக் காத்து ரூமுக்கு மட்டும் அரிசித் தண்ணி ஊத்துனேன். பாவமா இருந்துச்சு."

ரமணி அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் கண்தான் கலங்கியது.

"அந்தக் கஞ்சியக் குடிச்ச தெம்புலதான் மண்ணுல உள்ள நுண்ணுயிருங்க பழைய கரிச்சத்தையும் தின்னுருக்குங்க. அவ சொன்னபடியே நடந்திருக்குண்ணே. ஆனா எழுத முடியாது. தொட்டிங்க கெட்டுப் போச்சு."

"அப்ப அவ சொன்னது சரியா?"

"சரிதான். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேற யாருக்கும் இனிமே காட்ட முடியாது."

நம் விரலே நம் கண்ணைக் குத்தினால் யாரிடம் போய்ச் சொல்வது? சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதான்.

மறுநாள் காலை கடையில் அரிசி கழுவினான். வெள்ளைத் தண்ணீர் சாக்கடையில் இறங்கி ஓடுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

"நீ சொன்னது சரிதான் புள்ள," என்றான்.