முப்பத்தைந்தாவது மாடியில் முடிந்த பாட்டு

ஏழு மாடிக் கட்டிடத்தின் லிஃப்ட் முப்பத்தைந்தாவது மாடியில் போய் நின்றது ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு. உள்ளே மூன்று பேர் இருந்தார்கள்: லிஃப்ட்டை ஓட்டும் பெண், அவளுடைய நாத்தனார், ஒலிப்பதிவுக்காரர். மூவரும் நலமாகத் திரும்பினார்கள். மற்றதை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

எல்லோருக்கும் லிஃப்ட் அக்காவான அந்தப் பெண், பதினோரு வருடம் அந்த மரப்பெட்டிக்குள் முக்காலியில் உட்கார்ந்து, கைப்பிடியைத் திருப்பி, கம்பிக்கதவை இழுத்துத் திறந்து, மாடியின் எண்ணைச் சொல்லி ஆட்களை இறக்கிவிட்டாள். ஆறாவது மாடி ரேடியோ பழுதுபார்க்கும் கடையிலிருந்து ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகள் நாள் முழுக்க ஒழுகிவந்து அவள் காதில் சேர்ந்தன. இரண்டாவது வருடத்திலேயே சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு மாடியைத் தாண்டும்போதும் பெட்டி டக்கென்று தட்டும், அதுதான் தாளம். அவள் பாடினால் உள்ளே நிற்பவர்களின் உள்ளங்கால் வெதுவெதுக்கும். பல்வலிக்காரர்கள் மூன்றாவது மாடி மருத்துவரை மறந்து ஏழுவரை போய்விட்டு, வலியில்லாமல் வீடு திரும்புவார்கள். மருத்துவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். ஐந்தாவது மாடி இசைக் கம்பெனியின் ஒலிப்பதிவுக்காரர் ஒரே பாட்டுக்காகப் பதினான்கு முறை ஏறி இறங்கி, பதினைந்தாவது முறை ஒப்பந்தத்தாளோடு வந்து நின்றார். பத்துப் பாட்டு, ஒரு ஆல்பம், அவளுடைய முதல் ஆல்பம். நாலாவது மாடியில் தட்டச்சு வேலை பார்த்த நாத்தனார் கீபோர்டும் வாசிப்பவள். பத்து விரலும் சும்மா இருக்காது, வாயும் அப்படித்தான். சேதி கேட்ட கையோடு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள்.

பஞ்சு வைத்து அடைத்த ஒலிப்பதிவு அறையில்தான் சிக்கல் வந்தது. தரையிலிருந்து ஏழாவது மாடிக்கு நாற்பத்திரண்டு விநாடி. அவள் கட்டிய பாட்டெல்லாம் அந்த நீளத்துக்கே கட்டியவை. நாற்பத்திரண்டாவது விநாடியில் அவள் கை இல்லாத கதவை இழுக்கும், வாய் "ஏழாவது மாடி, பார்த்து இறங்குங்க" என்று சொல்லிவிடும். நான்கு நாளில் இருபத்தாறு முறை இப்படியே ஆனது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஒரு முழுப் பாட்டாவது பதிவாகாவிட்டால் ஆல்பம் கிடையாது என்று கம்பெனி சொல்லியனுப்பியது. சனிக்கிழமை பழைய லிஃப்ட்டைக் கழற்றிப் பொத்தான் வைத்த லிஃப்ட் மாட்டப்போவதாகக் கட்டிட மேலாளர் முன்பே அறிவித்திருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் நாத்தனாரைக் கேட்டாள்:

"பாட்டும் போச்சு, முக்காலியும் போச்சு. நான் எங்கடி போய் உட்கார்றது?"

"என் தலையில உட்காருங்க அண்ணி. இப்பவும் அங்கதானே இருக்கீங்க."

சொல்லிவிட்டு நாத்தனார் நேரே ஒலிப்பதிவுக்காரரிடம் போய், மைக்கையெல்லாம் லிஃப்ட்டுக்குள் கொண்டுவரச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு மைக்கைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டார்கள், ஒன்றைக் கதவோரம் வைத்தார்கள். நாத்தனார் கீபோர்டை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்தாள். பெட்டி கிளம்பியது, பாட்டும் கிளம்பியது. ஏழாவது மாடி வந்ததும் லிஃப்ட் அக்காவின் கை வழக்கம்போலக் கதவுக்குப் போனது. இரண்டு கையும் கீபோர்டுக் கட்டைகளில் இருந்ததால் நாத்தனார் காலை நீட்டிக் கதவை மறித்தாள்.

"யாரும் இறங்கல அண்ணி. நீங்க போங்க."

கை கதவைவிட்டுக் கைப்பிடிக்குத் திரும்பியது. நாற்பத்து மூன்றாவது விநாடிக்கு அவளிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. வாயைத் திறந்தாள், வந்தது. எட்டாவது மாடியும் வந்தது. சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள், தொட்டிச் செடிக்கு அப்போதுதான் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். பன்னிரண்டில் ஒரு குமாஸ்தா மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்து, வரவேண்டியவர்கள்தான் என்பதுபோலத் தலையசைத்தார். பதினெட்டில் நடைக்கூடத்துக்குள்ளேயே மழை பெய்துகொண்டிருந்தது. சுவர் ஆணிகளில் குடைகள் தயாராகத் தொங்கின. பதினோரு வருடமாக, ஆட்கள் இறங்க இறங்க அவள் விழுங்கிய பின்பாதிகள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தன. அவள் ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். பெட்டி மாடிக்கு மாடி தட்டியது, கம்பிக்கதவு சேர்ந்து அதிர்ந்தது, நாத்தனார் தரையைக் குதிகாலால் உதைத்து வாசித்தாள், ஒலிப்பதிவுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார். மூன்றரை நிமிடத்தில் பாட்டு தானாக முடிந்தது.

"முப்பத்தஞ்சாவது மாடி," என்றாள், பழக்கத்தில்.

ஒலிப்பதிவுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, எப்படிக் கீழே போவது என்று மெல்லக் கேட்டார். இறங்குவதற்கும் ஒரு பாட்டு இருக்கிறது, ஆனால் அது கொஞ்சம் மெதுவாகப் போகும் என்றாள்.

மதியத்துக்குள் இரண்டு பாட்டு பதிவாயின. சாயங்காலம் ஆறு மணிக்குள் பத்தும் முடிந்தன: ஏறுவதற்கு ஐந்து, இறங்குவதற்கு ஐந்து. சனிக்கிழமை லிஃப்ட்டைக் கழற்றினார்கள். முக்காலியை மட்டும் அவள் வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

கம்பெனி வேகமான ஐந்தையும் இசைத்தட்டின் முதல் பக்கத்திலும், மெதுவான ஐந்தையும் மறுபக்கத்திலும் போட்டது. கேட்கிற வீடு முதல் பக்கத்துக்கு ஒரு பாட்டுக்கு ஒரு மாடி வீதம் ஏறும், மறுபக்கத்துக்கு அதேபோல இறங்கும் என்பது முதல் வாரத்திலேயே ஊருக்குத் தெரிந்துபோனது. முதல் பக்கத்தை மாடிக்காற்றில் துணி உலர்த்தக் கேட்டார்கள், மறுபக்கத்தைக் கடைக்குப் போகவேண்டி வந்தபோது கேட்டார்கள். தபால்காரர் வாசலில் பை வைத்துக்கொண்டு பாட்டு முடியக் காத்திருக்கப் பழகினார். அவளுடைய தெருமுனைத் தையல்காரருக்கு மட்டும் முதல் பக்கம் முடிந்ததும் மின்சாரம் போய்விட்டது. அரை மணியில் வந்துவிட்டாலும் அவர் தட்டைத் திருப்பவில்லை. தைத்த சட்டைகளைக் கூடையில் கயிறு கட்டி இறக்குகிறார். இரண்டாவது ஆல்பத்தின் ஒத்திகைக்குப் போகும் வழியில் அவள் தினமும் நின்று அண்ணாந்து பார்ப்பாள்.

"அண்ணே, இன்னும் இறங்கலையா?"

"அடுத்ததும் வரட்டும்மா. சேர்த்து ஏறிக்கிறேன்."