வெள்ளிக் குழாய்க்குள் ஒரு வரைபடம்

கள்ளக்குறிச்சி மண்டபத்தில் ஜமீன் வீட்டு நகைகளும் ஓவியங்களும் ஏலம் போயின. காசியம்மாளுக்கு வேண்டியது வெள்ளிக் குழாய்க்குள் இருந்த பழைய வரைபடம் மட்டும். கல்வராயன் மலையில் அவள் ஊருக்குப் பாதையே இருந்ததில்லை என்று அதிகாரிகள் சாலை போட மறுத்தார்கள். வரைபடத்தில் பாதை இருந்தது.

குழாய்க்கு வெள்ளி வியாபாரி தீனதயாளன் விலையை ஏற்றிக்கொண்டே போனார். அவள் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, வெள்ளி உங்களுக்கு, காயிதம் எனக்கு. எதுக்குப் போட்டி போட்டுக்கினு?”

“காயிதத்துல இன்னாம்மா இருக்குது?”

“எங்க ஊருக்குப் போற வழி.”

“வழி தெரியாமயா எறங்கி வந்தே?”

“எனக்குத் தெரியும். ஆபீசருக்குத்தான் தெரியல.”

தீனதயாளன் சிரித்துவிட்டார். குழாயை ஏலத்தில் எடுத்ததும் வரைபடத்தை உருவி அவளிடம் கொடுத்தார். காசியம்மாள் பேருந்து நிலையத்துக்குப் போகவில்லை. நேராகக் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தாள்.